பூ நிறைய, செடி செழிப்பு. காய் மட்டும் ஏன் பொக்கு?

கேள்வி: என்னுடையது ஒன்றரை ஏக்கர் மணல் சாரியான செம்மண் நிலம், கிணற்றுப் பாசனம். 110 நாள் கொத்துக்கடலை, அதாவது கொடி ஓடாத நிலக்கடலை, பெரிய பருப்பு ரகம் விதைத்தேன். அடியுரமாக டி.ஏ.பி.யும் பொட்டாஷும், 25ஆம் நாள் யூரியா, 40ஆம் நாள் மறுபடி பொட்டாஷ் போட்டேன். செடி முழங்கால் உயரம் வளர்ந்தது, பூவுக்கும் குறைவில்லை. 50ஆம் நாள் மோட்டார் பழுதாகி 18 நாள் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை. 55ஆம் நாள் களை கொத்தினோம். கடைசியில் மழை பிடித்துக்கொண்டதால் 122ஆம் நாள்தான் பிடுங்கினோம். காயில் பாதி பொக்கு. ஓடு பெரிதாக நல்ல காய் போலவே இருக்கிறது. உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை. சில பருப்பைப் பிளந்தால் நடுவில் முளை கருத்திருக்கிறது. கொஞ்சம் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்தும்விட்டது. நான் வாங்கியது கெட்ட விதையா? அடுத்த போகத்தில் என்ன செய்ய வேண்டும்? இந்தக் காயிலிருந்து விதை எடுத்துவைக்கலாமா?

பதில்: விதை மேல் பழி இல்லை. கெட்ட விதையாக இருந்திருந்தால் முளைப்பிலேயே தெரிந்திருக்கும். வயலில் திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்திருக்கும். உங்கள் செடி நன்றாக முளைத்து, வளர்ந்து, பூத்திருக்கிறது. குறை ஏற்பட்ட இடம் மேல்மண்ணில் முதல் நான்கு விரல் ஆழம். அங்கே காய்க்குக் கால்சியம், அதாவது சுண்ணாம்புச்சத்து, கிடைக்கவில்லை. நீங்கள் எழுதியதில் இரண்டு அடையாளங்கள் இதை உறுதி செய்கின்றன: ஓடு முழு அளவுக்கு வளர்ந்தும் உள்ளே வெறுமை, பருப்பைப் பிளந்தால் முளைக்குருத்து கருப்பு.

அடியுரமும் மேலுரமும் போட்டுச் செழிப்பாக வளர்ந்த செடிக்குச் சத்துக் குறைவா என்று நீங்கள் கேட்கலாம். நிலக்கடலையின் காய் மற்றப் பயிர்களின் காய் போல முழுக்கத் தாய்ச்செடியை நம்பி வளர்வதில்லை. பூ விடியற்காலையில் மலர்ந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, மதியத்துக்குள் வாடிவிடும். ஒரு வாரத்தில் அந்தப் பூ இருந்த கணுவிலிருந்து ஊதா கலந்த பச்சை நிறத்தில் விழுது ஒன்று கீழ்நோக்கி நீளும். பார்ப்பதற்கு வேர் போல இருந்தாலும் அது வேர் அல்ல. அதன் கூரிய நுனியில்தான் சூல் இருக்கிறது. மண்ணைத் துளைத்து 2 முதல் 7 செ.மீ. ஆழம் போனதும், இருட்டும் மண்ணின் உராய்வும் கிடைத்து, நுனி படுக்கைவாட்டில் திரும்பிக் காயாகப் பருக்கத் தொடங்கும்.

வேர் உறிஞ்சும் தண்ணீரோடு சேர்ந்துதான் கால்சியம் செடிக்குள் ஏறுகிறது. தண்ணீர் இலைக்குப் போய் ஆவியாகிவிடும், கால்சியம் இலையிலேயே தங்கிவிடும். பிறகு இலை தயாரிக்கும் சர்க்கரை காய்க்கு இறங்கும்போது தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூடவே இறங்கும். கால்சியம் ஏறக்குறைய இறங்கவே இறங்காது. விழுது காற்றில் தொங்கும்வரை அதன் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஈரம் ஆவியாவதால் வேர் எடுத்த கால்சியத்தில் சிறு பங்கு அதற்கும் வந்து சேரும். மண்ணுக்குள் புகுந்தபின் அந்த வழியும் அடைபட்டுவிடும். அதன்பிறகு காய் தன் ஓட்டின் வழியாகத் தானே, தன்னைச் சுற்றியுள்ள மண் ஈரத்திலிருந்து, கால்சியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வேருக்குத் தனி மண், காய்க்குத் தனி மண் என்று பிரித்து வைத்து ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். வேர்ப்பக்கம் கால்சியம் தாராளமாக இருந்தும் காய்ப்பக்கம் இல்லாதபோது காய் பொக்காகத்தான் போனது.

ஓடு மட்டும் பெரிதாக இருப்பதற்குக் காரணம், ஓடும் பருப்பும் சேர்ந்து வளர்வதில்லை என்பதுதான். விழுது மண்ணில் இறங்கிய சுமார் 3 வாரத்தில் ஓடு முழு அளவை எட்டிவிடும். பருப்பு அதற்குப் பிறகுதான் நிரம்பும். இந்தக் கட்டத்தில் கால்சியம் இல்லையென்றால் கரு சிதைந்து, ஓடு வெறும் கூடாக நின்றுவிடும். பெரிய பருப்பு ரகங்களில் இது அதிகம். காய் பெரிதாக ஆக, உள்ளே நிரப்ப வேண்டிய பருப்பின் எடைக்கு உறிஞ்சும் ஓட்டின் பரப்பு ஒப்பளவில் குறைகிறது. சிறு பருப்பு ரகம் சமாளித்துக்கொள்ளும் மண்ணில் பெரிய பருப்பு ரகம் பொக்காவது இதனால்தான். மணல் சாரியான நிலத்தில் பெரிய பருப்பு ரகம் போடுகிறவர் கால்சியமும் கந்தகமும் தரும் ஜிப்சத்தைக் கூடுதல் செலவாக நினைக்கக் கூடாது. அதை விதைச் செலவோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இப்போது உங்கள் உரக்கணக்கைப் பார்ப்போம். டி.ஏ.பி.யில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. கால்சியம் துளியும் இல்லை. 40ஆம் நாள் போட்ட பொட்டாஷ் உண்மையில் தீமை செய்திருக்கிறது. விழுது இறங்கும் மேல்மண்ணில் பொட்டாசியம் மிகுந்தால் காய் கால்சியத்தை எடுப்பதற்கு அது போட்டியாக நிற்கும். மேல்மண்ணில் பொட்டாசியத்தைப் போல் குறைந்தது 3 மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். பொட்டாஷை விதைப்புக்கு முன் உழவோடு ஆழத்தில் கலந்துவிடுங்கள். வேர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பூத்தபின் மேலே தூவவே வேண்டாம்.

யூரியாவும் தேவையில்லாத செலவு. நிலக்கடலைக்கு வேர்முடிச்சு இருக்கிறது. 30ஆம் நாள் வாக்கில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. அடுத்த முறை விதைக்கும் அன்று, முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை விதையோடு கலந்து விதையுங்கள். முடிச்சு விழும்வரை தாங்குவதற்கு அடியுரத்தில் ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ தழைச்சத்து போதும். அதற்கு மேல் கொடுத்தால் செடி கொடுப்பதை எடுத்துக்கொண்டு முடிச்சைக் குறைத்துக்கொள்ளும், உயரத்துக்குப் போகும். மேல்கணுவில் பூத்த பூவின் விழுது தரையை எட்ட வேண்டுமே! சுமார் 15 செ.மீ.க்கு மேல் தொங்க நேர்ந்தால் பெரும்பாலான விழுதுகள் மண்ணைத் தொடாமலே நுனி காய்ந்துவிடும். பார்க்க நிறைவாக இருந்த அந்த முழங்கால் உயரம் உங்களுக்குக் காயாகத் திரும்பி வரவில்லை.

பூவின் எண்ணிக்கையை வைத்தும் மகசூலைக் கணிக்க வேண்டாம். நல்ல வயலிலேயே 100 பூவில் 15 முதல் 20 வரைதான் முற்றிய காயாகும். 110 நாள் ரகத்தில் 60 நாளுக்குப் பின் பூப்பவை முற்றுவதற்கு நாள் போதாது.

அடுத்தது தண்ணீர் நின்ற 18 நாள். 50 முதல் 68ஆம் நாள் வரை என்பது விழுது இறங்கி, ஓடு பருத்து, காய் மிக வேகமாகக் கால்சியம் எடுக்கும் காலம். மேல்மண் காய்ந்திருந்தால் அதில் கால்சியம் இருந்தும் பயனில்லை. ஈரத்தில் கரைந்தால்தான் ஓடு அதை உறிஞ்ச முடியும். ஆழத்தில் ஈரம் இருப்பதால் வேர் குடிக்கும், செடி வாடாமல் பச்சையாக நிற்கும், நீங்களும் பயிர் தாங்கிக்கொண்டது என்று நினைப்பீர்கள். அதே நேரத்தில் காய் கிடக்கும் மண் புழுதியாக இருக்கும். மேல்மண் இறுகிப் போனால் புதிய விழுதும் உள்ளே நுழையாது. ஆகவே இந்தப் பருவத்தில் செடியைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். மண்ணைப் பார்த்துப் பாய்ச்சுங்கள். செடி ஓரத்தில் 5 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும். திறந்தவுடன் உதிர்ந்தால் அன்றே தண்ணீர் கட்டுங்கள். உங்கள் மண்ணுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 நாளுக்கு ஒரு முறை தேவைப்படும். முளைத்த முதல் 3 வாரம் கொஞ்சம் காயவிடலாம், அது வேரை ஆழமாக ஓட வைக்கும். பூ எடுத்த பிறகு அந்தக் காய்ச்சல் கூடாது.

55ஆம் நாள் களை கொத்தியதில் எத்தனை விழுது அறுந்தது என்பது வெளியே தெரிந்திருக்காது. மண்வெட்டி பட்டு அறுந்த விழுதுக்கு மறுவாழ்வு இல்லை. முதல் களையை 20ஆம் நாளிலும் இரண்டாவதை 40ஆம் நாளுக்குள்ளும் முடித்துவிட்டு, 45ஆம் நாளுக்குப் பின் நிலத்துக்குள் கொத்தோ மண்வெட்டியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய களை தென்பட்டால் கையால் பிடுங்குவதோடு நிறுத்துங்கள். அதுவும் கடலைச் செடியோடு ஒட்டி நின்றால் அறுத்துவிடுங்கள், இழுக்காதீர்கள்.

அடுத்த போகத்துக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மண் பரிசோதனைக்கு இரண்டு மாதிரி கொடுங்கள்: வழக்கமான உழவு ஆழ மாதிரி ஒன்று, மேல் 7-8 செ.மீ. மண் மட்டும் தனியாக ஒன்று. காய் விளையும் மண்ணின் நிலை இரண்டாவதில்தான் தெரியும். கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே இருந்தால் விவசாயச் சுண்ணாம்பு போட வேண்டும். அது மெதுவாகக் கரைவதால் விதைப்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே தூவி மேல்மண்ணில் கலந்துவிட வேண்டும். நிலை 7ஐத் தாண்டியிருந்தால் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். இளந்தளிர் மஞ்சளித்து இரும்புச்சத்துக் குறை வந்து சேரும். மணிச்சத்துக்கு டி.ஏ.பி.க்குப் பதிலாக சூப்பர் பாஸ்பேட் போடுங்கள். அதில் மணிச்சத்தோடு ஏறக்குறைய 20 சதவீதம் கால்சியமும் 11 சதவீதம் கந்தகமும் கூடவே வருகிறது. ஆனால் இதை நம்பி ஜிப்சத்தை விட்டுவிட வேண்டாம். அடியுரம் பெரும்பாலும் வேர் ஆழத்தில் நிற்கும்.

ஜிப்சம் மண்ணின் கார அமில நிலையை மாற்றாது, விரைவில் கரையும்: ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2.5 கிராம். நல்ல ஜிப்சத்தில் 23 சதவீதம் வரை கால்சியமும் 18 சதவீதம் வரை கந்தகமும் இருக்கும். உங்கள் ரகத்துக்கு ஏக்கருக்கு 200 கிலோ, ஒன்றரை ஏக்கருக்கு 300 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஆறு. 40 முதல் 45ஆம் நாளுக்குள், முதல் விழுதுகள் மண்ணைத் தொடும்போது போடுங்கள். விதைக்கும்போதே போட்டால் மணல் சாரியான நிலத்தில் பாசனத்தோடும் மழையோடும் கரைந்து காய்க்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். 60 நாளுக்குப் பின் போட்டாலோ பெரும்பாலான காய்களுக்கு நாள் கடந்துவிடும்.

போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளி என்றால் ஏக்கருக்கு 200 கிலோ என்பது வரிசையில் 10 மீட்டருக்கு சுமார் 150 கிராம். 150 கிராமை ஒரு முறை எடைபோட்டு ஒரு டம்ளரில் கொட்டி, அது நிற்கும் மட்டத்தில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டருக்கு ஒரு டம்ளர் என்று இரண்டு வரிசை போட்டுப் பழகிவிட்டால் கை தானாக அளவு பிடித்துக்கொள்ளும். ஜிப்சம் மாவாக இருக்க வேண்டும். கட்டியாக இருந்தால் உடைத்துச் சலித்துவிடுங்கள். பனி உலர்ந்த பிறகு, செடியின் இரு பக்கமும் விழுது இறங்கும் அகலத்துக்கு விழும்படி தூவுங்கள். சாலின் நடுவில் கொட்டினால் காய்க்குச் சேராது. தூவியதும் லேசாக மண் அணைத்து, அன்றோ மறுநாளோ தண்ணீர் விடுங்கள்.

மண் அணைப்பதில் ஒரு எச்சரிக்கை. விழுதுக்கு அடியில் பொலபொலவென்று மண் கிடைக்கவும், சற்று உயரத்தில் தொங்கும் விழுதுகளுக்குத் தரை எட்டவும்தான் அணைக்கிறோம். தண்டின் கழுத்து வரை மண்ணை ஏற்றி மூடிவிட்டால் அடிக்கிளையும் இலையும் மண்ணுக்குள் அழுகி, தண்டழுகல் நோய்க்கு வழி திறந்துவிடும். தண்டின் அடியில் வெள்ளை நூல் போலப் படர்ந்து, கடுகு போன்ற உருண்டைகள் தெரிந்தால் அந்த நோய்தான். அப்படிப்பட்ட செடியை உடனே பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

இலைமேல் தெளிக்கும் கால்சியக் கரைசல் வாங்கச் சொல்லி யாரேனும் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். இலையில் விழுந்த கால்சியம் காய்க்கு இறங்காது என்பதைத்தான் மேலே பார்த்தோம். அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு மூட்டை ஜிப்சம் வாங்கலாம்.

வேறு இரண்டு குறைகள் இதோடு குழப்பிக்கொள்ளப்படுகின்றன. பருப்பு நிரம்பியிருந்தும், இரண்டாகப் பிளந்தால் உள்முகத்தில் குழி விழுந்து பழுப்பேறியிருந்தால் அது போரான் குறை. மண் பரிசோதனையிலும் அது உறுதியானால் மட்டும் ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை ஜிப்சத்தோடு நன்றாகக் கலந்து போடுங்கள். போரான் கொஞ்சம் மிஞ்சினாலும் இலை ஓரம் கருகும். ஓட்டின் உட்புறம் முற்றிக் கருத்திருந்தும் பருப்பு மட்டும் சூம்பியிருந்தால், கடைசி மாதத்தில் வறட்சியோ டிக்கா இலைப்புள்ளி நோயால் இலை கொட்டியதோ காரணம்.

மண்ணிலேயே முளைத்த காய்களைப் பற்றி: பெரும்பாலான கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் இல்லை. முற்றிய காய்க்கு ஈரம் கிடைத்தால் செடியில் இருக்கும்போதே முளைத்துவிடும். கொடிக்கடலைக்கு அந்த உறக்கம் உண்டு, அது சில வாரம் பொறுக்கும். எனவே கொத்துக்கடலையில் நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல் 95ஆம் நாளிலிருந்து 3 நாளைக்கு ஒரு முறை வயலின் வெவ்வேறு இடத்தில் 5 செடி பிடுங்கிப் பாருங்கள். காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு போல இருந்தால் இளங்காய். பழுப்பும் கருப்புமாகக் கோடு ஓடியிருந்தால் முற்றியது. 100 காயில் 75 அப்படி இருந்தால் பிடுங்கிவிடுங்கள். மழை வரும்போல் இருந்தால் 70 இருந்தாலே போதும். காத்திருந்தால் கடைசிக் காய்கள் முற்றும் என்பது உண்மைதான். ஆனால் முதலில் முற்றிய கனமான காய்களின் காம்பு அதற்குள் இற்றுப்போய், பிடுங்கும்போது மண்ணிலேயே தங்கிவிடும்.

பிடுங்கிய செடியைப் பச்சையாகக் குவிக்காதீர்கள். காய் மேலே, இலை கீழே இருக்கும்படி தலைகீழாக வரிசையில் பரப்பி, இலை வதங்கியபின் காய் ஆயுங்கள். பிடுங்கும்போது காயில் 35 முதல் 50 சதவீதம் வரை ஈரம் இருக்கும். சேமிக்கும்போது 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குலுக்கினால் கலகலவென்று ஒலித்து, பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதில் உரிந்து, இரு விரலால் நெரித்தால் பளிச்சென்று இரண்டாகப் பிளக்க வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் காயில் முளைத்தவை, ஓடு விரிந்தவை, பூஞ்சை பிடித்தவை, சூம்பிய பருப்பு எல்லாவற்றையும் தனியே பொறுக்கி அழித்துவிடுங்கள். வறட்சியில் வாடி, ஓடு விரிந்து, ஈரத்தில் கிடந்த காயில்தான் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு சேரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கடலைப் புண்ணாக்குத் தீவனத்தால் இறந்தபோதுதான் இந்த நச்சு உலகத்துக்குத் தெரியவந்தது. இதற்கு நிறமோ மணமோ கிடையாது. வறுத்தாலும் முழுவதும் அழியாது. ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். வீணாகிறதே என்று மாட்டுக்கும் வைக்க வேண்டாம். பாலில் அதன் மாற்றுருவம் இறங்கும்.

விதைக்கு இந்தக் காயை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் தயங்குகிறேன். கால்சியம் குறைந்த பருப்பு வெளியே திரண்டு நல்ல நிறத்தில் இருந்தாலும் உள்ளே முளைக்குருத்து செத்திருக்கலாம். அப்படிப்பட்ட விதை மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து, இரண்டு பருப்பும் விரிந்து, நடுவில் குருத்து இல்லாமல் அப்படியே நின்றுவிடும். வேறு வழியில்லை என்றால் முழுமையான கனமான காய்களை மட்டும் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, ஓட்டோடு வைத்திருங்கள். விதைப்புக்கு 3 வாரம் முன்பு வெவ்வேறு மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்த 100 பருப்பை, 25 வீதம் நான்கு தட்டில், ஈர மணலில் 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றி 10 நாள் காத்திருங்கள். முளைத்தது எத்தனை என்று எண்ணாதீர்கள். பச்சைக் குருத்தோடும் நல்ல வேரோடும் நிற்பது எத்தனை என்று எண்ணுங்கள். அது 70க்குக் கீழே வந்தால் இந்தக் காயை விதைக்கு ஒதுக்க வேண்டாம், வேறு விதை தேடிக்கொள்ளுங்கள்.